வாசலில் காய்ந்த எட்டாம் நம்பர் ஷூ

செந்திலுக்கு,

நம் தெருவிலிருந்து யாராவது உனக்கு போன் போட்டு, "ஊருக்கு வந்தவன் எங்க வீட்டை எட்டிக்கூடப் பாக்காமப் போயிட்டியே" என்று கேட்டால் திகைத்து நிற்காதே. போன வாரம் நீ ராஜபாளையத்துக்கு வந்தாய். பயண அலுப்பில் மத்தியானம் வரைக்கும் தூங்கினாய். அப்புறம் ஏதோ அவசர வேலையென்று மதுரைக்குக் கிளம்பிப் போய்விட்டாய். தெருவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறது. நம்பும்படி சொன்னவள் உன் அம்மா. இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நீ நினைப்பதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதற்கெல்லாம் ஆரம்பம், நான் கனடாவுக்கு விமானத்தில் வரும்போது போட்டுக்கொள்ளச் சொல்லி நீ வாங்கச் சொன்ன ஷூதான்.

இதை வாட்ஸப்பில் பேசியே அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் அனுப்புகிற வாய்ஸ் மெசேஜை நீ ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாயாமே. உன் பெண்டாட்டி நித்யா சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். போனை வைத்த பிறகு எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பிலிருந்த பாலைப் பொங்கவிட்டேன். மில்லில் இத்தனை வருஷம் மிஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய வாய் இது. சும்மாவே படபடவென்றுதான் பேசுவேன். அதையும் விரட்டிக் கேட்டால் உன் காதில் என்ன விழும்? அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடுதாசியை ஓடவிட்டுப் படிக்க முடியாது. உட்கார்ந்து படி.

ஷூ விஷயத்தில் நீ சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கயிறு கட்டுகிற ஷூ வேண்டாம், சோதனைக்குக் கழற்றச் சொன்னால் குனிந்து அவிழ்க்க முடியாது என்றாய். உள்ளே இரும்பு வைத்தது வேண்டாம், கதவைத் தாண்டும்போது கத்தும் என்றாய். இம்புட்டு நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் கால் வீங்கும், அதனால் கொஞ்சம் தாராளமாகவே வாங்கு, பருத்திச் சாக்ஸ் போடு என்றாய். எல்லாவற்றையும் விட அழுத்திச் சொன்னது, புது ஷூவோடு ஏறாதே, முன்னாலேயே போட்டு நடந்து பழக்கு என்பது. அதை எங்கே கற்றாய் என்று எனக்குத் தெரியும். நீ முதன்முதலில் கனடாவுக்குக் கிளம்பியபோது உன் அப்பா ஒற்றைக்காலில் நின்றார். "ஃபாரின் போறவன் செருப்பைப் போட்டுக்கிட்டா போவான், பாக்கிறவன் என்ன சொல்லுவான்?" என்று பளபளக்கிற தோல் ஷூவை முந்தின நாள் வாங்கிவந்து மாட்டிவிட்டார். நானும் பக்கத்தில் நின்று, எம்புட்டு அழகு என் பிள்ளை என்று நெட்டி முறித்தேன். நீ மதுரை விமான நிலையத்தில் உள்ளே போகும்போதே லேசாக நொண்டினாய். கூச்சத்தில் நடக்கிறான் என்று நினைத்தேன், பாவி. அங்கே போய் இறங்கும்போது இரண்டு குதிகாலும் ரத்தமாக இருந்ததையும், முதல் வாரம் வேலைக்கு நொண்டி நொண்டிப் போனதையும் அப்பா காரியத்துக்கு வந்திருந்தபோதுதான் சொன்னாய். அவர் இருந்தவரைக்கும் அவர் காதில் விழாமல் பார்த்துக்கொண்டாயே, அது உன் நல்ல மனசு.

ராஜபாளையத்தில் ஒரு கடையில் ஏறினேன். பொம்பளைகள் பக்கத்தில் இருந்ததெல்லாம் முன்பக்கம் குவிந்து, பொம்மைக்குச் செய்த மாதிரி இருந்தன. என் கால் தெரியும்தானே? நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் மிஷின்களுக்கு நடுவே ஷிப்ட் முழுக்க வெறுங்காலோடு நடந்து, அறுந்த நூலை ஒட்டி ஒட்டிப் பரந்துபோன கால். கடைப்பெண் என் விரலை உள்ளே திணித்துப் பார்த்துவிட்டு, "ஆச்சி, ஜென்ட்ஸ்ல பாக்கலாமா?" என்றாள். என்னைக் கிழவியாக்கி ஆச்சி என்றதுகூடப் போகட்டும். பக்கத்தில் உட்கார்ந்து பேரனுக்குச் செருப்பு பார்த்துக்கொண்டிருந்தவள் என்னோடு மில்லில் வேலை பார்த்தவள். அவள் முன்னால் ஆம்பளை ஷூவில் காலை விட்டேன் என்றால், நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிடும். அதெல்லாம் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். அங்கே என்னைத் தெரிந்தவர்கள் கம்மி. தேரடிப் பக்கம் ஒரு கடை. கடைக்காரர் என் வயசுக்காரர், என் காலைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. "பஸ்ல நின்னுக்கிட்டே வந்தீகளோ? வீங்கியிருக்கு. நல்லதுதான், இப்பமே போட்டுப் பாருங்க. காலையில வாங்குனா சாயங்காலம் கடிக்கும்" என்றார். ஆம்பளைகள் பக்கத்திலிருந்து எட்டாம் நம்பர் எடுத்துக் கொடுத்தார். கறுப்பு, ஓரத்தில் சாம்பல் பட்டை. கயிறு இல்லை, இழுத்து ஒட்டுகிற பட்டிதான். காலை விட்டேன். விரல்கள் அஞ்சும் தனித்தனியாக அசைந்தன. குதிகால் வழுக்கவில்லை. கடைக்குள்ளேயே ரெண்டு நடை நடந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என் காலுக்கென்று ஒன்று சரியாகப் பொருந்தியது அன்றைக்குத்தான். அவர், "வெளிநாட்டுக்கா? மகன் கூப்பிட்டிருக்காரா?" என்று கேட்டார். "ஆமா, டிக்கெட் போட்டுக்கிட்டு இருக்கான்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அப்போது நீ சொன்னது, குளிர் முடியட்டும்மா, பார்க்கலாம். குளிர் முடிந்தது. வீடு மாறுகிறோம்மா, பார்க்கலாம் என்றாய். வீடும் மாறினீர்கள், புது வீட்டின் ஒவ்வொரு அறையையும் வீடியோவில் காட்டினாய். எனக்கான அறை எது என்று கேட்க வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். பிறகு நித்யாவுக்கு வேலை மாறுகிறது, பார்க்கலாம் என்றாய். பாஸ்போர்ட் வந்தாயிற்று, விசாவும் குத்தியாயிற்று. எல்லாம் பீரோவுக்குள் இருக்கிறது. ஷூ மட்டும்தான் வெளியே இருந்தது.

புடவைக்குக் கீழே ஆம்பளை ஷூவோடு தெருவில் நடக்க எனக்குக் கூச்சம். அதனால் மொட்டை மாடியில் நடந்தேன். காலையில் வெயில் ஏறுமுன் கொஞ்சம், சாயங்காலம் மேற்கே மலைக்குப் பின்னால் பொழுது இறங்கும்போது கொஞ்சம். முதலில் நடை நாடகத்து ராஜா மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர், சுவரிலிருந்து தொட்டி. நடக்கும்போது உன்னோடு பேசிக்கொண்டே நடப்பேன். இது விமானத்துக்குள்ளே நடக்கிற வழி, இது நீ வந்து நிற்கிற இடம் என்று நானே சொல்லிக்கொள்வேன். அப்பா இருந்தபோது மாடிக்கு ஏறினால் கீழேயிருந்து ஏதாவது கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார், எரிச்சலாக இருக்கும். இப்போது எம்புட்டு நேரம் மேலே நின்றாலும் கேட்க நாதியில்லை. மாடித்தளம் சொரசொரப்பு. பழக்குவதற்கு என்று நடந்து நடந்து, விமானத்தையே பார்க்காத ஷூவின் அடிப்பக்கம் ஒரு ஓரம் தேயத் தொடங்கிவிட்டது.

போன வாரம் அதைக் கழுவினேன். மாடியில் காயவைத்தால் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் வாசல்படியில் வெயில் விழுகிற இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன். நம் ஊரில் வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்த்தே உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்களே, அது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. அப்பா போன பிறகு என்னுடைய ரப்பர் செருப்பு ஒரு ஜோடிதான் அங்கே கிடக்கும். பக்கத்து வீட்டு ரெங்கம்மா அக்கா காய் வாங்கிவிட்டு வந்தவள், அதைப் பார்த்துவிட்டுப் பையோடு அப்படியே வந்து நின்றாள்.

"ஏட்டி, யாரு வந்திருக்கா? செந்திலா?"

அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், அய்யா. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்கு ராத்திரி ஷிப்ட் என்றால் நீ சாப்பிட்டது அவள் வீட்டில்தானே. உனக்குத் தெலுங்கில் நாலு வார்த்தை தெரியும் என்றால் அவள் மடியில் கற்றதுதான். பல மாதமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் "டிக்கெட் வந்துச்சா?" என்று கேட்கிறவள் அவள். நானும் "இந்தா வருது" என்று சொல்லிச் சொல்லி, அவள் குரல் கேட்டாலே பின்வாசலுக்குப் போகிற அளவுக்கு வந்துவிட்டேன். இல்லை அக்கா, இது என் ஷூ என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி அதுதான். "ஆமாக்கா" என்றேன். வாய்தான் சொன்னது.

"அய்யோ தேவுடா! எப்ப வந்தான்?"

"விடியக்காலம். தூங்குறான்க்கா."

அவள் ஷூவைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "எம்புட்டுப் பெரிய காலு! அவிய அப்பா காலு அப்படியே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் உதட்டில் விரலை வைத்து, "தூங்கட்டும், தூங்கட்டும். பொறவு வாரேன்" என்று சத்தம் போடாமல் படியிறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொன்னால் நீ நம்புவாயோ மாட்டாயோ. கதவை மெதுவாகச் சாத்தினேன். டி.வி. சத்தத்தைக் குறைத்தேன். மிக்ஸி போடவில்லை, அம்மியில் அரைத்தேன். உன் அறைக் கதவு திறந்துதான் கிடந்தது, உள்ளே கட்டில் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் அதைத் தாண்டும்போது பாதத்தை அழுத்தாமல் நடந்தேன். குக்கர் ரெண்டாவது விசில் அடிக்கப் போகும்போது ஓடிப்போய் அணைத்தேன். ரெண்டு பேருக்கு அரிசி போட்டிருந்தேன். கத்திரிக்காய் குழம்பு வைத்தேன், கருவாடு வறுத்தேன். யாரும் இல்லாத வீட்டில் நான் இப்படி ஆடுகிறேனே என்று ஒரு பக்கம் வெட்கம். ஆனால் என் மனசு கிடந்த கிடை வேறு. பிள்ளை உள்ளே தூங்குகிறான், எழுந்தால் பசிக்கும் என்கிற நினைப்பில் ஒரு வேலை செய்வது எனக்கு எத்தனை காலத்துக்குப் பிறகு! அன்று மத்தியானம் வரை எனக்குத் தனியாக இருக்கிற மாதிரியே இல்லை. தட்டைப் போட்டு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. எதிரே வைத்த தட்டை எடுத்து அடுக்கில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டேன்.

ரெங்கம்மா அக்கா சும்மா இருப்பாளா? தெருமுழுக்கச் சொல்லியிருக்கிறாள். பால்காரரிடம் சொல்லியிருக்கிறாள், எதிர்வீட்டில் சொல்லியிருக்கிறாள். அது போதாதென்று, மூட்டு வலியோடு அந்த வெயிலில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போய்விட்டாள், உனக்குப் பால்கோவா வாங்க. இங்கேயே கிடைக்காதா? கிடைக்கும். ஆனால் உனக்கு அடுப்பிலிருந்து இறக்கியதும் சூட்டோடு தின்னத்தான் பிடிக்கும் என்பது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. சாயங்காலம் படியேறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "நேத்துப் போட்டது வேண்டாம்னு சொல்லி, நின்னு, இன்னைக்குக் கிண்டினதா வாங்கியாந்தேன். எங்க எம்புள்ள?" என்றாள்.

நான் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அவசரமா போன் வந்துச்சுக்கா. மதுரைக்குக் கிளம்பிட்டான். அங்கிட்டிருந்தே பிளேன் ஏறிருவான்."

அவள் முகம் விழுந்துவிட்டது. பொட்டலத்தைக் கைமாற்றிக்கொண்டு கீழே பார்த்தாள். ஷூ, வைத்த இடத்திலேயே இருந்தது. உள்பக்கம் இன்னும் ஈரமாக இருக்கிறதே என்று நான்தான் எடுக்காமல் விட்டிருந்தேன். பொய் சொல்லத் தெரியாதவள் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

"வெறுங்காலோடயாட்டி கனடாவுக்குப் போனான்?"

அவள் என் காலைப் பார்த்தாள், ஷூவைப் பார்த்தாள், மறுபடி என் காலைப் பார்த்தாள். பிறகு பிடித்தாள் பார், ஒரு பிடி! "எனக்கு இந்த முட்டியை வச்சுக்கிட்டு பஸ்ல ஏறி எறங்க முடியுதா? நீ கூத்தா கட்டுறே? பாக்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு வந்திருக்கேனே, என் மூஞ்சியை எங்க கொண்டு வைப்பேன்?" என்று வாசலில் நின்றே ஏசினாள். ஏசட்டும் என்று நின்றேன். நியாயம்தானே. ஏசிக்கொண்டே வந்தவள் நான் அழுவதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, படியில் உட்கார்ந்து, என்னையும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். மாடியில் நடக்கிறதையெல்லாம் சொன்னேன். ஷூவைத் திருப்பித் தேய்ந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"டிக்கெட்டுக்கு என்னதான் சொல்றான்?"

"பார்க்கலாம்னு சொல்றான்க்கா."

"எம்புட்டு நாளா?"

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அவள் ஷூவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "கூப்பிட மனசு இருக்கா இல்லையான்னு கேட்ருட்டி. கேட்டுத் தொலை. கேக்காம மாடியில நடந்து நடந்து சாகாத." எழுந்திருக்கும்போது பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். "தெருவுல நான் பாத்துக்கிடுதேன். வந்தான், போயிட்டான், அம்புட்டுதான். இதை நீயே தின்னு" என்று சொல்லிவிட்டுப் போனாள். தின்றேன். ஒரு மனுஷி இந்த முட்டியோடு அலைந்து வாங்கிவந்ததை வீணாக்க மனசு வரவில்லை. இனிப்பாகத்தான் இருந்தது.

அதற்காகத்தான் இந்தக் கடுதாசி. நீ கெட்டவன் இல்லை என்பது எனக்குத் தெரியும். மாசா மாசம் ஆள் வைத்து மாத்திரை வாங்கி அனுப்புகிறாய், காய்ச்சல் என்றால் பதறிப்போகிறாய். ஷூ எப்படி வாங்க வேண்டும் என்று பெற்ற பிள்ளைக்குச் சொல்வதுபோல உட்கார்ந்து சொன்னாய். இத்தனை கவனமாக ஷூவைப் பற்றிச் சொன்னவனுக்கு, தேதியைப் பற்றிச் சொல்ல ஏன் வாய் வரவில்லை? இதைத்தான் மாடியில் நடந்துகொண்டே யோசித்தேன். வீட்டில் இடம் இல்லையா? நித்யாவுக்குத் தோதுப்படாதா? இல்லை, வந்தால் திரும்பிப் போக மாட்டாள் என்று பயமா? எதுவாக இருந்தாலும் அது தப்பே இல்லை. உன் அப்பாவைப் பெற்றவள் நம்மோடு வந்து தங்குவதாகச் சொன்னபோது நான் மட்டும் என்ன துள்ளியா குதித்தேன்? வீட்டுக்கு வீடு உள்ளதுதான். டிக்கெட்டை நானே எடுத்துவிடுவேன், என் பி.எஃப். பணம் கிடக்கிறது. ஆனால் கூப்பிடாத வீட்டுக்குப் போக எனக்குக் கால் எழும்பாது. பெற்ற மகன் வீடானாலும் அப்படித்தான். இது திமிர் என்றால் திமிராகவே இருக்கட்டும்.

நீயும் வேலைக்கென்று ஊர் ஊராகப் பறக்கிறாய். போன மாதம் வீடியோவில் உன் குதிகாலில் பிளாஸ்திரி பார்த்தேன். கேட்டால் ஒன்றுமில்லை என்றாய். அந்தக் கூர்மூக்குத் தோல் ஷூவை ஆபீஸில் வைத்துக்கொள், விமானத்துக்கு வேண்டாம். சாயங்காலத்தில் போய், நின்று, நடந்து பார்த்து, விரல் அசைகிறதா என்று பார்த்து வாங்கு. கடைக்காரன் போகப் போக இளகிவிடும் என்று சொன்னால் நம்பாதே. வலித்தால் அங்கேயே, அந்த நிமிஷமே, வலிக்கிறது என்று சொல்லு. அன்றைக்கு மதுரையில் அப்பா மனசு நோகக்கூடாது என்று நீ வாயை மூடிக்கொண்டு நொண்டினாயே, அதே மாதிரி இப்போது என் மனசு நோகக்கூடாது என்று எதையோ வாய்க்குள் வைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்குத் தெரிகிறது, அய்யா. என் மனசு அப்படியொன்றும் லேசானது இல்லை. உன் அப்பாவை அனுப்பிவைத்துவிட்டு, காரியம் முடிந்து நீயும் விமானம் ஏறிய மறுநாள் காலையில் எழுந்து, ஒரு ஆளுக்குக் காப்பி போட்டவள் நான்.

வா என்றால் தேதியைச் சொல், வருகிறேன். கொஞ்ச நாள் இருந்துவிட்டு, போ என்று நீ சொல்லுமுன் நானே கிளம்பிவிடுவேன். வர வேண்டாம் என்றால் அதையும் நீயே உன் வாயால் சொல், நித்யா மூலமாக வேண்டாம். ரெண்டு நாள் அழுவேன், மூணாம் நாள் தாங்கிக்கொள்வேன். இன்னொரு தடவை "பார்க்கலாம்மா" என்று மட்டும் சொல்லாதே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அம்மா